கம்பி சூடேறும் அந்த ஒரு நொடி

சங்ககிரியில் அப்பாவுக்கு லாரிகளின் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடை. லாரிக்காரர்கள் ஊர் என்பதால் விடிவதற்கு முன்பே யாராவது ஒருவர், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். இன்ஜெக்டரின் முனையான நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரின் கைப்பிடியை அப்பா மெல்ல அழுத்துவார். கேஜ் முள் நூறு, நூற்றைம்பது என்று ஏறி, இருநூறு பாரை (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஒட்டி வந்ததும் உள்ளிருக்கும் ஊசி தூக்கிக்கொள்ளும். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். நாசில் முனையில் டீசல் புகை மாதிரி விரியும். சொட்டினால் நாசில் போச்சு. கர்ரென்று பேசினால் நல்ல நாசில். 'பேசுது' என்பது அப்பாவின் சொல்.

ஒரு தடவை அந்தப் புகையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். அப்பா என்னை அடித்ததே இல்லை. அன்றைக்குத்தான் மணிக்கட்டில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது.

"கைய அக்கட்ட எடு அம்மிணி! ஊசி போட்டாப்ல தோலுக்குள்ள எறங்கிரும். பொறவு வெரலே போயிரும்."

அவர் சொன்னது முழு உண்மை. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும்.

பிறகு, டீசலை ஒரே குழாயில் பெரிய அழுத்தத்தில் தேக்கிவைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பும் காமன் ரெயில் வண்டிகள் வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புது டீசல் லாரி எல்லாமே அந்த வகைதான். இருநூறு பார் இருந்த இடத்தில் 1,600 பார், 2,000 பார். நான் கோவையில் எம்.இ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறையில் வீட்டுக்குப் போனால் அப்பா ஒரு கேள்வியோடு காத்திருந்தார். புது டெஸ்ட் பெஞ்சில் ஒரு இன்ஜெக்டரை மாட்டியிருந்தார். ரிட்டர்ன் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை வைக்க முடியவில்லை.

"உள்ள போறப்ப வெதுவெதுன்னுதான் போகுது. திரும்பி வர்றது இப்படிச் சுடுது. நெருப்பே காட்டல. எங்கிருந்து கண்ணு வந்துது இத்தன சூடு?"

அந்தக் கேள்விக்குப் பாதி பதில் புத்தகத்திலேயே இருந்தது. இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே இரண்டு மூன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இடைவெளிதான். அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் டீசல் கசிந்து, பெரிய அழுத்தத்திலிருந்து சாதாரண அழுத்தத்துக்கு இறங்குகிறது. அழுத்தமாக இருந்த ஆற்றல் உரசலில் சூடாகிறது. 1,000 பார் இப்படி இறங்கினால் டீசல் ஏறக்குறைய 40 டிகிரி சூடாகும். நெருப்பே தேவையில்லை.

மீதிப் பாதி புத்தகத்தில் இல்லை. அந்தச் சூட்டில் எவ்வளவு ஊசியின் இரும்புக்குள் போகும், எவ்வளவு எண்ணெயோடு திரும்பி வரும்? அதைக் கணக்குப் போட, ஆயிரம் பாருக்கு மேல் நசுங்கிக் கிடக்கும் டீசல் சூட்டை எவ்வளவு கடத்தும் என்ற எண் வேண்டும். டீசல் என்பதோ ஒரு பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கலவை. என் எம்.இ. ஆய்வும், அதன் பிறகான ஐந்து வருஷமும் அந்த ஒரு எண்ணின் பின்னால்தான் போயின.

வெப்பக் கடத்துதிறன் என்று பாடத்தில் படித்திருப்போம். ஒரு மீட்டர் தடிமனுக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் கடந்துபோகும் என்பது அளவு. செம்புக்கு 400 அளவில். தண்ணீருக்கு 25 டிகிரியில் 0.607. குளிரூட்டும் இயந்திரங்களில் தண்ணீரோடு கலக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கு 0.25. கரைப்பானாகப் பயன்படும் டொலுவீனுக்கு 0.131. டீசலும் டொலுவீனை ஒட்டித்தான். உலோகத்தோடு ஒப்பிட்டால் இந்தத் திரவங்களெல்லாம் சூட்டுக்குப் போர்வை மாதிரி.

அப்படியானால் அடுப்பில் வைத்த தண்ணீர் ஏன் சீக்கிரம் சூடாகிறது? தண்ணீர் நகர்கிறது, அதனால்தான். அடியில் சூடானது இலேசாகி மேலே வர, மேலே இருப்பது கீழே போகிறது. கவுந்தப்பாடிப் பக்கம் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கரும்பாலையில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொப்பரையில் சாறு தண்ணியாக இருக்கும்வரை யாரும் கவலைப்பட மாட்டார்கள். அது தன்னாலே புரண்டுகொள்ளும். பாகு இறுக இறுகத்தான் அப்புச்சி குரல் கொடுப்பார்: "கை ஓயக் கூடாது, அடி புடிச்சிரும்!" கெட்டியான பாகு தானாகப் புரளாது. அப்போது சூடு பாகு வழியாக ஊர்ந்துதான் போக வேண்டும், அந்த ஊர்வது மகா மெதுவு. அடி கருகுவது அதனால்தான்.

திரவத்தின் கடத்துதிறனை அளப்பதில் இருக்கும் தொல்லையும் இதேதான். நமக்கு வேண்டியது ஊர்ந்துபோகும் சூட்டின் அளவு. திரவமோ சூடானதும் நகர ஆரம்பித்துவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரம்ஃபோர்டு பிரபு, திரவங்கள் சூட்டைக் கடத்துவதே இல்லை, தூக்கிக்கொண்டுதான் போகின்றன என்றே முடிவு கட்டிவிட்டார். நகர்வு அந்த அளவுக்குக் கண்ணை மறைக்கும்.

திரவம் நகர்வதற்கு முன் அளந்துவிட வேண்டும். சூடான கம்பி முறை என்பது அவ்வளவுதான். 25 மைக்ரான் தடிமன் பிளாட்டினக் கம்பி, தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதைத் திரவத்துக்குள் செங்குத்தாக இழுத்துக் கட்டி, திடீரென்று மின்சாரம் விடுவோம். கம்பி மூன்று டிகிரி போலச் சூடாகும். அதே கம்பிதான் வெப்பமானியும்: பிளாட்டினம் சூடானால் அதன் மின்தடை கூடும், அதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். சுற்றியுள்ள திரவம் சூட்டை நன்றாக வாங்கிக்கொண்டால் கம்பி மெதுவாகச் சூடேறும். வாங்காவிட்டால் வேகமாக ஏறும். நேரத்தை மடக்கையாகப் போட்டு வெப்பநிலையை வரைந்தால் நேர்க்கோடு வரும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கடத்துதிறன் கிடைக்கிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள். அதற்குள் திரவம் தான் சூடானதை உணர்ந்து நகரத் தொடங்கியிருக்காது.

கம்பியின் இரண்டு முனையிலும் பிடிமானம் இருக்கிறதே, அதன் வழியாகவும் சூடு ஓடுமே என்று கேட்கலாம். ஓடும். அதற்காக நீளம் ஒன்று, குட்டை ஒன்று என இரண்டு கம்பி கட்டுவோம். முனையில் போகும் சூடு இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால், முனையே இல்லாத கம்பியின் கணக்கு மிஞ்சும். இந்த யோசனையை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

இத்தனையையும் ஆயிரம் பார் அழுத்தத்துக்குள் வைத்துச் செய்ய வேண்டும். அதற்கான பாத்திரத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க எங்களிடம் பணம் இல்லை. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். பட்டறைக்கார அண்ணா படித்தது எட்டாவது வரை. நான் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஹைட்ராலிக் சிலிண்டராட்டந்தானுங்க, செவுருதான் தடியா இருக்குது" என்றார். செய்தும் கொடுத்தார். முதல் மாதம் அறுநூறு பாரைத் தாண்டினாலே மூடியில் கசிந்தது. கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கை நான்கு தடவை மாற்றினேன். டொலுவீன் சாதாரண ரப்பரை ஊதவைத்துவிடும் என்பதால் விட்டான் என்ற வேறு வகை ரப்பர் போட்டேன். அப்படியும் கசிந்தது.

ஐந்தாவது தடவை, கழற்றிய ஓரிங்கைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணா அதை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் தடவினார். ஒரு பக்க ஓரம் எலி கொறித்த மாதிரி துண்டு துண்டாகப் போயிருந்தது.

"ரப்பர் நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி. அதுக்குப் பின்னால இருக்குற சந்து பெருசு. அழுத்தம் ஏறுனா ரப்பர் அதுக்குள்ள பிதுங்குது, எறக்குனா இரும்பு அதக் கடிச்சிப்போடுது. நான் வேற மூடி கடஞ்சு தர்றனுங்க. பின்னால ஒரு டெப்லான் வளையமும் போட்டுக்கலாம்."

புது மூடி வந்ததிலிருந்து ஆயிரம் பாரில் ஒரு ராத்திரி முழுக்க முள் அசையாமல் நிற்கிறது. நவீன உயர் அழுத்த அறிவியலைத் தொடங்கிவைத்த பெர்சி பிரிட்ஜ்மனுக்கும் முதல் வெற்றி ஒரு மூடிதான். அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகிக்கொள்ளும் அடைப்பு ஒன்றை அவர் கண்டுபிடித்தார். அதனால்தான் அதுவரை யாரும் தொடாத அழுத்தங்களை எட்ட முடிந்தது. 1923இல் ஏறக்குறைய 12,000 வளிமண்டல அழுத்தம் வரை திரவங்களின் கடத்துதிறனை அளந்து வெளியிட்டார். 1946இல் நோபல் பரிசு. அவர் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த லேத் அண்ணாவின் கட்டைவிரல்தான் நினைவுக்கு வரும்.

புது கருவி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஏற்கனவே உலகம் ஒத்துக்கொண்ட திரவத்தை அளந்து பார்க்க வேண்டும். தண்ணீரும் டொலுவீனும் அப்படிப்பட்டவை. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் வெறும் பிளாட்டினம் ஆகாது. டான்டலக் கம்பியின்மேல் அதன் ஆக்சைடையே மெல்லிய உறையாக ஏற்றிப் பயன்படுத்துவார்கள். நாங்கள் டொலுவீனில் தொடங்கினோம். வர வேண்டியது 0.131. எனக்கு வந்தது 0.135. மூன்று சதம் அதிகம். இரண்டு மாதம் அந்த மூன்று சதத்தோடுதான் படுத்து எழுந்தேன். மின்சுற்றை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், டொலுவீனையே புதிதாக வாங்கினேன்.

பிழை என் ஆசையில் இருந்தது. புள்ளிகள் அதிகம் இருந்தால் கோடு நன்றாக வரும் என்று நான்கு நொடி வரை பதிவு செய்து, எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருந்தேன். ஒருநாள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்றரை நொடிக்கு மேல் புள்ளிகள் கோட்டைவிட்டுக் கீழே லேசாகச் சாய்ந்திருந்தன. திரவம் நகர ஆரம்பித்துவிட்டது! கொப்பரை புரள்கிறது. நகர்ந்த திரவம் கூடுதல் சூட்டைத் தூக்கிக்கொண்டு போனதால், கடத்துதிறன் கூடியது போலத் தெரிந்திருக்கிறது. ஒரு நொடிக்கு மேலிருந்த புள்ளிகளை வெட்டினேன். 0.131இல் வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. டீசலுக்குப் பதிலாக, கலவையின் அளவு நமக்குத் துல்லியமாகத் தெரிந்த ஒரு மாதிரி வேண்டும். டீசலில் இருக்கும் ஹைட்ரோகார்பன்களில் ஒன்றான ஹெக்ஸாடெக்கேனும் டொலுவீனும் கலப்பது என்று முடிவு செய்தோம். முதலில் சுத்தமான ஹெக்ஸாடெக்கேன். ஏ.சி. அறையில் 25 டிகிரி. நூறு பார், இருநூறு பார், ஒழுங்காகப் போனது. முந்நூறைத் தாண்டியபின் ஏதோ மாறியது. கைப்பம்பைச் சுற்றினால் முள் வழக்கம்போல் ஏறவில்லை, எங்கோ அமுங்கிப்போனது. கம்பியின் மின்தடை தாவியது. பிறகு திரையில் ஒன்றுமே இல்லை. கம்பி அறுந்துவிட்டது.

அழுத்தத்தை இறக்கி, திறந்து பார்த்தால் உள்ளே தெளிவான திரவம்தான். கம்பி இரண்டு துண்டாகத் தொங்கியது. பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மார்கழியில உங்க வீட்டுத் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும்?"

உறைந்துபோகும். ஹெக்ஸாடெக்கேன் சாதாரண அழுத்தத்தில் 18 டிகிரியில் உறையும். ஆனால் ஒவ்வொரு நூறு பாருக்கும் அதன் உறைநிலை இரண்டு டிகிரி போல மேலே ஏறும். முந்நூறு பாரைத் தாண்டினால் 25 டிகிரியே அதற்கு மார்கழிதான். கம்பியைச் சுற்றி மெழுகு மாதிரி இறுகி, அதை அறுத்துவிட்டது. நான் திறந்தபோது அழுத்தம் போய்விட்டதால் மறுபடி உருகிச் சாட்சியே இல்லாமல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எந்தத் திரவத்தை உள்ளே விட்டாலும், முதலில் அதன் உறைநிலையை அழுத்தத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் கைப்பிடியைத் தொடுகிறேன்.

இனி கலவை. இரண்டு திரவத்தைக் கலந்தால் கடத்துதிறன் இரண்டுக்கும் நடுவில் சராசரியாக வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஈரோட்டுப் பக்கம் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், கிளைக்கால் தண்ணீருக்கு அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எடையில் 60 பங்கு தண்ணீர், 40 பங்கு கிளைக்கால். சராசரி எடுத்தால் 0.46. ஆனால் அளந்தால் 0.4ஐ ஒட்டித்தான் வரும். சூடு மாறும் பரப்பைச் சராசரியை நம்பித் தீர்மானித்தால் குளிர்விப்பான் சின்னதாகப் போய்விடும், பால் நேரத்துக்குக் குளிராது.

ஃபிலிப்போவ் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். எடைச் சராசரியை எடுத்துக்கொள். அதிலிருந்து இரண்டின் எடைப் பங்கையும், இரண்டின் கடத்துதிறன் வித்தியாசத்தையும் பெருக்கி, அதை 0.72ஆல் பெருக்கிக் கழித்துவிடு. மேலே சொன்ன கலவைக்கு: 0.4 × 0.6 × 0.357 × 0.72, அதாவது 0.06. சராசரி 0.46இல் இதைக் கழித்தால் 0.40. ஒரு துண்டுச் சீட்டில் முடிகிற கணக்கு. நண்பர் அந்தச் சீட்டை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

அந்த 0.72 எங்கிருந்து வந்தது? எந்தக் கோட்பாட்டிலிருந்தும் இல்லை. பல கலவைகளை அளந்து பார்த்துப் பொருத்தியது. இதைத்தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கணிப்புச் சூத்திரத்துக்குள் இருக்கும் அந்த எண், யாரோ ஒருவர் ஒரு அறையில் வெப்பநிலை அடங்கக் காத்திருந்து எடுத்தது. அளப்பதை நிறுத்திவிட்டால் கணிப்பும் அங்கேயே நின்றுவிடும்.

கோட்பாடு மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? பிரிட்ஜ்மன் ஒரு படம் காட்டினார்: திரவத்தில் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்று அடுத்ததற்குச் சூட்டை ஒலியின் வேகத்தில் கைமாற்றுகிறது. மூலக்கூறுகள் எவ்வளவு நெருக்கம், ஒலி எவ்வளவு வேகம், இந்த இரண்டு தெரிந்தால் போதும். பின்னால் வந்தவர்கள் திருத்திய மாறிலி 2.8ஐ வைத்துத் தண்ணீருக்குப் போட்டால் 0.60 வருகிறது. அசந்துபோவீர்கள். அதே கணக்கை டொலுவீனுக்குப் போட்டால் 0.160. உண்மை 0.131. இருபது சதத்துக்கும் மேல் தவறு. அந்த டொலுவீனோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டியவள் என்பதால், அந்தத் தவறு எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

ஆனாலும் அந்தப் படத்தின் உள்ளே இருக்கும் உண்மை பெரிது. அழுத்தினால் மூலக்கூறுகள் நெருங்கும், ஒலி வேகமாகும், ஆகவே கடத்துதிறன் கூடும். டொலுவீன் மாதிரி கரிமத் திரவங்களில் அடர்த்தி ஒரு சதம் கூடினால் கடத்துதிறன் ஏறக்குறைய மூன்று சதம் கூடுகிறது. ஆயிரம் பாரில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். தண்ணீர் அவ்வளவாக நசுங்காது. அதே அழுத்தத்தில் அதன் கடத்துதிறன் பத்தில் ஒரு பங்குகூட ஏறுவதில்லை. ஐம்பது, அறுபது பார் வரை யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. காமன் ரெயிலுக்குள் கவலைப்படத்தான் வேண்டும்.

எனவே நாங்கள் போகும் வழி அடர்த்தி வழி. கலவையின் அடர்த்தி அழுத்தத்தோடு எப்படி மாறும் என்பதற்கு டெய்ட் சமன்பாடு இருக்கிறது. அதன் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த கதை. 1872 முதல் 1876 வரை கடலாழத்தை ஆராய்ந்த சேலஞ்சர் கப்பலின் வெப்பமானிகள் ஆழத்தின் அழுத்தத்தில் தவறாகக் காட்டின. அந்தத் தவறு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னபோதுதான் பீட்டர் டெய்ட் திரவங்களை நசுக்கிப் பார்க்கத் தொடங்கினார். கடலுக்குள் இறங்கிய வெப்பமானியின் பிழையில் பிறந்த கணக்கு இன்றைக்குச் சங்ககிரியில் நிற்கும் லாரியின் இன்ஜெக்டருக்கு உதவுகிறது.

இந்த எண்களோடு வாழ்ந்தால் சுற்றியிருப்பதெல்லாம் வேறாகத் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலான திரவங்கள் சூடாகச் சூடாகக் குறைவாகக் கடத்தும். தண்ணீர் அதற்கு நேர்மாறு: 130 டிகிரி வரை கூடிக்கொண்டே போய், அங்கே 0.68இல் உச்சியைத் தொட்டு, பிறகுதான் இறங்கும். திருப்பூரிலும் பெருந்துறையிலும் பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் போடும் மூடிய இயந்திரங்கள் ஓடுவதும் அதே 130 டிகிரியில்தான். அது பாலியெஸ்டர் இழை சாயத்தை உள்வாங்குவதற்காக வைத்த வெப்பநிலை. கடத்துதிறனை யாரும் நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் தன் வாழ்நாளிலேயே அதிகமாகச் சூட்டைக் கடத்தும் நேரம் இது என்று எனக்குத் தோன்றும்.

போன ஆடியில் அப்பா ஆய்வகத்துக்கு வந்தார். அவர் கடை ஃபில்டரிலிருந்து அரை லிட்டர் டீசலும் கொண்டுவந்தார். அன்றைக்கு எண்ணூறு பார். அழுத்தம் ஏற்றினால் திரவம் சூடாகும், அது அடங்க மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்பா காத்திருந்தார். பொத்தானை அழுத்தினேன், ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்ப்பா."

"நாசில் பேசறாப்ல ஒரு சத்தங்கூட இல்லியே."

திரையில் புள்ளிகள் நேர்க்கோட்டில் நின்றன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், கடைசிப் புள்ளிவரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்த எண்ணைத் தன் சட்டைப்பை டைரியில், இன்ஜெக்டர் நம்பர்கள் எழுதும் பக்கத்திலேயே, தேதியோடு எழுதிக்கொண்டார்.

இப்போது பழைய கிளைக்கால் கலவைகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குளிரூட்டும் நிலையங்களில் வருஷக்கணக்காக ஓடி, அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஊற்றி, பீப்பாயில் எழுதியிருக்கும் விகிதத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போனவை. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் யாரிடமாவது இருந்தால் அரை லிட்டர் போதும். கண்ணாடிப் பாட்டிலில் முழுக்க நிரப்பி மூடுங்கள், மேலே காற்று நிற்கக் கூடாது. எத்தனை வருஷம் ஓடியது, கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அளந்த எண்ணை உங்களுக்கே முதலில் சொல்கிறேன்.